பைப்பு ஏன் நீளவாக்கில் பிளக்கிறது?

வெட்டி எடுத்த பைப்புத் துண்டு இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. ஒன்றரை முழ நீளம், ஒரு இஞ்ச் பிவிசி. நடுவில் ஒரு சாண் அளவுக்குப் பிளவு. முற்றிய வெண்டைக்காய் காய்ந்து வெடித்த மாதிரி, நீளவாக்கில் ஒரே கோடாகப் போகிறது. குறுக்கே முறியவில்லை, சில்லாகவும் தெறிக்கவில்லை. உள்ளிருந்து தண்ணீர் தள்ளி வெடித்த பைப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிளக்கும். ஏன் என்று யோசித்துப் பார்த்ததில் இந்தக் கட்டுரை வந்தது.

காரைக்குடியை அடுத்த ஒரு ஊரில் எங்கள் பூர்வீக வீடு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றைப் போல வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காக மே மாதம் திறந்தோம். மோட்டாரைப் போட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், இருக்கிற தொட்டியை நிரப்பியாயிற்று. நான்தான் மேலே ஏறி வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன். கீழே இறங்குவதற்குள் இரண்டாம் கட்டில் டப்பென்று ஒரு சத்தம். முற்றத்தைச் சுற்றிய வளவெல்லாம் தண்ணீர். அப்பத்தா முகப்பில் உட்கார்ந்தபடியே, "மழை பேஞ்சா முத்தத்துல தண்ணி விழும். இதென்ன, செவத்துல இருந்து விழுகுது?" என்றார்.

இந்த வீடுகளைக் கட்டிய காலத்தில் உள்ளே குழாய் கிடையாது. கிணறும், கூரையிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைத் தண்ணீரும்தான். பைப்பு பிற்பாடு வந்தது. பளிங்கு மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சுவரைக் கொத்த மனசு வராமல், சுவருக்கு வெளியே, வெயில்படும் முற்றத்து ஓரமாகவே கொண்டுபோனார்கள். இது அப்புறம் கணக்கில் வரும்.

அன்றைக்கு அயித்தான் சொன்ன காரணம், "ரெண்டாயிரம் லிட்டர் தொட்டியை வச்சா வெடிக்காம என்ன செய்யும்?" பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தொட்டி எவ்வளவு பெரியது என்பது பைப்புக்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிவது உயரம் மட்டும். தண்ணீர் மட்டம் பைப்புக்கு மேலே 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். மேலே இருப்பது ஒரு குடம் தண்ணீரானாலும் சரி, ஊருணியே ஆனாலும் சரி, உயரம் அதேதான் என்றால் அழுத்தமும் அதேதான்.

சரி, இந்த ஒரு கிலோ பைப்பின் சுவரை என்ன செய்கிறது? மூங்கிலை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பது போல, பைப்பை மனசுக்குள் பிளந்து பாருங்கள். மேல்பாதியையும் கீழ்பாதியையும் தண்ணீர் பிரிக்கப் பார்க்கிறது. அது தள்ளுகிற பரப்பு, பைப்பின் விட்டம் பெருக்கல் நீளம். பிரியாமல் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டு பக்கத்துச் சுவர்கள் மட்டும். இனி அதே பைப்பை வாழைத்தண்டு நறுக்குவது போலக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இங்கே தண்ணீர் தள்ளுவது ஒரு சின்ன வட்டத்தை. பிடித்துக்கொண்டிருப்பதோ அந்த வட்டத்தின் முழுச் சுற்றுச் சுவர். இரண்டையும் கணக்குப் போட்டால், பைப்பைச் சுற்றி இழுக்கிற விசை, நீளவாக்கில் இழுக்கிற விசையைப் போலச் சரியாக இரண்டு மடங்கு வரும். சுற்றி இழுத்தால் கிழிசல் நீளவாக்கில்தான் விழும். வெண்டைக்காய்ப் பிளவுக்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. விட்டம் 32 மில்லிமீட்டர், சுவர் 2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு கிலோ அழுத்தத்துக்குச் சுவரில் விழுகிற இழுப்பு சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ. புதுப் பிவிசியோ சுமார் 450 கிலோ இழுப்பு வரை தாங்கும். ஐம்பது மடங்குக்கு மேல் தெம்பு இருக்கிற பைப்பு ஏன் வெடித்தது?

நின்ற தண்ணீர் வெடிக்க வைக்கவில்லை. ஓடிவந்த தண்ணீர் நின்றதுதான் வெடிக்க வைத்தது.

கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே பாயும், பார்த்திருப்பீர்கள். முதல் ஆள் நுழையும் நேரம் பார்த்து யாரோ கதவைச் சாத்திவிட்டால் என்ன ஆகும்? முன்னால் இருப்பவர் நின்றுவிடுவார். பின்னால் வருகிறவருக்கு அது தெரியாது, வந்து முட்டுவார். அவர்மேல் அடுத்தவர். நின்ற செய்தி வரிசையில் பின்னோக்கி ஓடும், நெரிசலும் அதோடு சேர்ந்தே ஓடும். ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று அடைத்தாலும் இதே கதைதான். அந்தச் செய்தி இரும்புப் பைப்பில் நொடிக்குச் சுமார் 1,300 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாயும். பிவிசி கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால் அதில் 400 மீட்டர் அளவில் ஓடும். இதை நீர்ச்சுத்தியல் என்பார்கள். மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்கள் அடிக்கடி உடைந்தபோது, நிக்கோலாய் ஜூக்கோவ்ஸ்கி என்ற அறிவியலாளர் சோதனைகள் செய்து 1898-இல் இதற்குக் கணக்கு எழுதினார். கணக்கு மிக எளிது: தண்ணீரின் அடர்த்தி, அந்த அலையின் வேகம், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வேகம் மூன்றையும் பெருக்கினால் கூடுதல் அழுத்தம் வந்துவிடும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடுகிற தண்ணீரை இரும்புப் பைப்பில் சட்டென்று நிறுத்தினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 கிலோ கூடுகிறது. 200 மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்ததற்குச் சமம்!

'சட்டென்று' என்பதற்கும் ஒரு அளவு உண்டு. அலை பைப்பின் மறுமுனை வரை போய்த் திரும்பி வருவதற்குள் அடைத்தால்தான் முழு அடியும் விழும். 20 மீட்டர் பிவிசி பைப்பில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கு. பல சுற்றுத் திருகிச் சாத்துகிற பழைய கேட் வால்வால் அந்த வேகத்தில் அடைக்க முடியாது. கால் சுற்றில் மூடும் பால் வால்வு ஓரளவு கிட்டே வந்துவிடும். வாஷிங் மெஷினுக்குள் இருக்கிற மின்வால்வு நிச்சயம் அடைத்துவிடும், அது தண்ணீரை நிறுத்தும்போதெல்லாம் சுவரில் டொக்கென்று கேட்பது அதனால்தான். போர்வெல் மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால் இன்னும் மோசம். ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் வேகம் தீர்ந்து திரும்பிக் கீழே வந்து, பின்னோக்கி ஓட விடாத வால்வின் மேல் மோதும்.

எங்கள் வீட்டில் யாரும் எதையும் அடைக்கவில்லை. நான் திறக்கத்தான் செய்தேன். அப்படியானால்?

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் பைப்புக்குள் இருந்தது காற்று. காலிப் பைப்புக்குள் தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டால், தடுக்க ஒன்றும் இல்லாததால் அது நொடிக்கு 3, 4 மீட்டர் வேகம்கூட எடுக்கும். முன்னால் இருக்கிற காற்று, லேசாகத் திறந்திருக்கும் ஏதோ ஒரு குழாய் இடுக்கு வழியாகப் புஸ்ஸென்று வெளியேறும். காற்று மெல்லியது, எந்த இடுக்கிலும் ஓடிவிடும். பின்னாலேயே வருகிற தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல 800 மடங்கு. அதே இடுக்கில் அந்த வேகத்தில் அது போக முடியாது. கதவு சாத்தியாயிற்று! பிவிசியில் 4 மீட்டர் வேகத் தண்ணீர் நின்றால் சுமார் 16 கிலோ அழுத்தம். வீடுகளுக்கு வாங்கிப் போடும் விவசாயப் பைப்பில் 6 கிலோ என்றோ 10 கிலோ என்றோ அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

புதுப் பைப்பு இந்த ஒரு அடியைக்கூடத் தாங்கியிருக்கும். எங்களுடையது முற்றத்து ஓரத்தில் பல கோடைகளைக் கண்டது. வெயிலின் புற ஊதாக் கதிர் பிவிசியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளிலிருந்து குளோரினைக் கழற்றிவிடுகிறது. அதன் அடையாளம்தான் வெள்ளைப் பைப்பு பழுப்பேறுவது. பழுத்த தோல் நெகிழாது, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். துணி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஓரத்தில் சின்னதாகக் கிழித்துவிட்டால் அப்புறம் சரசரவென்று கிழியும் இல்லையா, அப்படி எல்லா இழுப்பும் அந்தக் கீறலின் நுனியில் போய்ச் சேர்ந்துவிடும்.

சூடும் சேர்ந்துகொள்கிறது. பிவிசி 80 டிகிரிக்குக் கிட்டே போனால் இளகிவிடும். அதற்கு முன்பே, 60 டிகிரியில், அதை நம்பி ஏற்றக்கூடிய அழுத்தம் சாதாரண வெப்பத்தில் இருப்பதில் கால்வாசிக்கும் குறைவு. தண்ணீர் ஓடுகிற பைப்பைத் தண்ணீரே குளிர்வித்துக்கொண்டிருக்கும். காலிப் பைப்புக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, 10 மீட்டர் பிவிசி பைப்பு 30 டிகிரி சூடு ஏறினால் இரண்டு சென்டிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். அசைய இடம் விடாமல் இறுக்கிக் கிளாம்ப் அடித்திருந்தால் அந்த இழுபறி முழுவதும் எல்போக்களின் தலையில்தான். குளிர் நாடுகளில் பைப்புக்குள் தண்ணீர் உறைந்து பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால் வெடிக்கும் என்பார்கள். நமக்கு அந்த வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது.

பழைய ஜிஐ பைப்பு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பு, இருக்கிற வீடுகளில் கதை வேறு. அது பிளக்காது, ஊசித்துளை விழும், அதுவும் பெரும்பாலும் மரை வெட்டிய இடத்தில். இரும்பின் மேல் பூசிய துத்தநாகம், தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. மரை வெட்டும்போது அந்தப் பூச்சையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம், சுவரும் மெலிந்துபோகிறது. இரும்பு துருவேறுவது அடிப்படையில் ஒரு சின்ன மின்கல வேலைதான். இப்படிப்பட்ட அரிமானத்தை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. அதன் வாசல் வழியாகப் போய்த்தான் நாங்கள் புதுப் பைப்பு வாங்கி வந்தோம்.

வெடித்த அன்றைக்கு என்ன செய்தோம்? நனைந்த சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்ததால் முதலில் மெயினை இறக்கினோம். அப்புறம் வால்வைச் சாத்த ஓடினேன். பாதியில் இறுகிவிட்டது. குறடு போட்டு முறுக்கியிருந்தால் தண்டு முறிந்து, தண்ணீரை நிறுத்த இருந்த ஒரே வழியும் போயிருக்கும். கீழே அயித்தான் பிளவைக் கையால் பொத்திப் பார்த்து முழுக்க நனைந்ததுதான் மிச்சம். பத்து மீட்டர் இறங்கி வருகிற தண்ணீர் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும். 5 மில்லிமீட்டர் ஓட்டையில்கூட நிமிஷத்துக்குச் சுமார் 10 லிட்டர் போகும். ஒரு சாண் பிளவு 3 மில்லிமீட்டர் வாயைத் திறந்திருந்தால், அதைப் பொத்த ஆறு கிலோ விசையை எதிர்த்துத் தள்ள வேண்டும்.

ஆனால் தொட்டிக்குள் போனால் தண்ணீர் நம் கட்சிக்கு வந்துவிடும். பழைய வேட்டியைப் பந்தாகச் சுருட்டி, கம்பு நுனியில் கட்டி, தொட்டியின் அடியில் பைப்பு கிளம்பும் துளைக்கு நேரே உள்ளிருந்து வைத்தோம். ஒன்றரை இஞ்ச் துளை, மேலே ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அந்த விசை துணியைத் துளையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. துணிப்பந்து துளையைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைப்புக்குள்ளேயே போய் வேறு வம்பு. யாரும் தொட்டிக்குள் இறங்கவும் வேண்டாம்.

பிளம்பர் வரும்வரை சைக்கிள் டியூப். வெறுமனே சுற்றினால் போதாது, நன்றாக இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இழுபட்ட ரப்பர் சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருக்கம் பைப்பை உள்நோக்கி அழுத்தும். முன்னே பார்த்த சுற்றிழுப்புக் கணக்கேதான், திசை மட்டும் தலைகீழ். ஒவ்வொரு சுற்றும் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டும்.

சாயங்காலம் வந்த பிளம்பர் பிளவுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி வெட்டினார். நல்ல வேலை, ஏனென்றால் பிளவின் நுனிக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கும். புதுத் துண்டு, இரண்டு கப்ளிங், சொலூஷன். இந்தச் சொலூஷன் பசை இல்லை. பைப்பின் மேற்பரப்பையே கரைத்து இளக்கிவிடுகிறது. இரண்டு இளகிய பரப்புகளின் மூலக்கூறு இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ள, கரைப்பான் மெல்ல ஆவியாகிவிட, கடைசியில் ஒரே பிவிசியாகிவிடும். ஈரம் இருந்தால் பின்னல் சரியாக விழாது. அவர் துடைத்துத் துடைத்துக் காயவிட்டதைப் பார்த்து எங்களுக்குத்தான் பொறுமை போயிற்று. போகும்போது, "ஆச்சி, ராத்திரி பூரா அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்துறாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். வால்வையும் மாற்றிவிட்டார்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. நனைந்த சுண்ணாம்புச் சுவர் தானாகவே மூச்சுவிட்டுக் காயும், வாரக்கணக்கில் ஆகும். உப்புப் பூத்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும். அவசரப்பட்டு அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே சுண்ணாம்பை அரிக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தப்பை முன்னொரு காலத்தில் செய்துவிட்டு இன்றுவரை அனுபவிக்கிறோம்.

மறுநாள் காலையில் இந்த முறை ஒழுங்காகத் திறந்தேன். முதலில் தொட்டிக்கு வெகுதூரத்தில் இருக்கிற அடுப்படிக் குழாயிலிருந்து கிணற்றடிக் குழாய் வரை எல்லாவற்றையும் முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, மேலே வால்வைக் கொஞ்சமாக மட்டும் திருப்பினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. அப்புறம் இருமல் மாதிரி விட்டுவிட்டுக் கொஞ்சம் செம்மண் நிறத் தண்ணீர். ஐந்து நிமிஷம் போல இருமி முடித்துத் தண்ணீர் ஒரே சீராக விழ ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு குழாயாக மெல்லச் சாத்தினோம். புது வால்வை முழுசாகத் திறந்துவிட்டு இறங்கி வந்தபோது, அடுப்படியில் படைப்புக்கு அரிசி களைய ஆரம்பித்திருந்தார்கள்.