அட்வான்ஸ் கழியும் வரை: ஆள் அனுப்பும் தொழிலில் இருப்பவர்களுக்கு

மதுரையில் மேன்பவர் ஏஜென்சி நடத்துபவர்களிடம் கொத்தடிமை முறை பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அதெல்லாம் செங்கல் சூளை, அரிசி ஆலை விஷயம் மேடம். நம்ம பசங்களுக்கு பி.எஃப். இருக்கு, இ.எஸ்.ஐ. இருக்கு, சம்பளம் பேங்க்ல போகுது. இங்க எங்க அடிமை?" இப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள்.

கப்பலூர் தொழிற்பேட்டைக்கும் மருத்துவமனைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்குச் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். கம்பெனிகள் கேட்டால் அவர்களுடைய ஒப்பந்தக்காரர்களைத் தணிக்கையும் செய்வேன். எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும் இடத்திலும் கொத்தடிமை முறையைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. சங்கிலி, பூட்டு, அடி உதை எதையும் அது ஆதாரமாகக் கேட்கவில்லை. முன்பணம் வாங்கிய காரணத்தால் ஒருவர் கூலியில்லாமலோ பேருக்கு ஒரு கூலிக்கோ உழைக்க வேண்டியிருந்தால், வேறு வேலைக்குப் போக முடியாவிட்டால், நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாவிட்டால், இதில் ஒன்று இருந்தாலே அவர் கொத்தடிமை. பத்திரம் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை, வாய்ப்பேச்சே போதும். 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்கள் சொல்கிறது. வன்முறை அவற்றில் ஒன்று மட்டுமே. கடன்பிணை, அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, அளவுக்கு மீறிய ஓவர்டைம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நான் அடிக்கடி பார்ப்பவை இவைதான்.

ஏஜென்சி முதலாளி "நாங்க தொழிலாளிகிட்ட ஒரு பைசா கமிஷன் வாங்குறதில்ல" என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது ஒரு சப்-ஏஜென்ட். அவருக்குக் கீழே ஊர் மேஸ்திரி. அந்த மேஸ்திரி, வீட்டில் ஒரு சாவு விழுந்தபோதோ, பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றபோதோ கையில் 20,000 ரூபாய் கொடுத்திருப்பார். கம்பெனிக்கு ஏஜென்சியைத் தெரியும், ஏஜென்சிக்கு சப்-ஏஜென்ட்டைத் தெரியும். அந்த 20,000 ரூபாயைப் பற்றித் தெரிந்தவர்கள் மேஸ்திரியும் தொழிலாளியும் மட்டும்தான். வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே அவர் கடனோடு சேர்கிறார். அந்தக் கடன் நம் சம்பளப் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் இருக்காது.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிறுவர்களை வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பிய கதை நம் மாவட்டத்தில் தெரியாதவர்கள் குறைவு. பெற்றோர் கையில் ஒரு தொகை, பையனுக்கு ஓராண்டோ ஈராண்டோ ஒப்பந்தம், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் விடியற்காலையிலிருந்து வேலை. கூட்டிப் போனவர்களில் சொந்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். "நம்ம பையன், நல்லா பார்த்துக்குவாக" என்ற நம்பிக்கையில்தான் அனுப்பி வைத்தார்கள். தென்மாவட்டப் பெண் பிள்ளைகளை மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்குக் கொண்டுபோன சுமங்கலித் திட்டமும் இதே வகைதான். மூன்று வருடம் விடுதியில் இருந்து உழைத்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு அங்கே நடந்தால் நமக்குக் கொதிக்கிறது. ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் மதுரை ஜங்ஷனில் வந்து இறங்கும் பிள்ளைகளும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வருபவர்கள்தான். அவர்களுக்கு இங்கே நடப்பதை "அவங்க மேஸ்திரி பார்த்துக்குவாரு" என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, காகிதத்தில் தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தணிக்கையில் சம்பளப் பட்டியலுடன் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு அறிக்கையையும் கேட்டு வாங்கினேன். 7-ம் தேதி எல்லோருக்கும் முழுச் சம்பளம் ஏறியிருந்தது. மறுநாள் பகலில் ஒரே ஏடிஎம்மில், ஒருவர் கணக்கு முடிய அடுத்தவர் கணக்கு என்று நிமிடக் கணக்கில் பணம் எடுக்கப்பட்டிருந்தது. வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் அத்தனை பேரும் ஷிஃப்டில் இருந்தார்கள். விடுதி சூப்பர்வைசரின் மேஜை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்ட கட்டாக ஏடிஎம் கார்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒட்டிய சிறு தாளில் பின் நம்பர். "தொலைச்சிருவாங்க மேடம், அதான் பத்திரமா வச்சிருக்கோம்" என்றார். எடுத்த பணத்தில் சாப்பாடு, ரூம் வாடகை, அட்வான்ஸ் தவணை, ரயில் டிக்கெட் எல்லாம் கழித்து மிச்சத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்த மிச்சத்துக்கு எங்கேயும் ரசீது இல்லை.

ரயில் டிக்கெட் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்வதற்கு முன் பயணச் செலவுக்காகக் கொடுத்த முன்பணத்தைக் கூலியிலிருந்து பிடிக்கவே கூடாது. பழைய கூலி வழங்கல் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். மற்றப் பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தும் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது.

இன்னொரு இடம் செல்போன் நம்பர். பி.எஃப். கணக்கில் பதிந்திருக்கும் நம்பர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே நம்பர் இருந்தால் அது மேஸ்திரியுடைய நம்பராகத்தான் இருக்கும். ஓடிபி அவருக்குத்தான் போகிறது. அந்தத் தொழிலாளி வேலையை விட்டுப் போன பிறகும் அவர் பி.எஃப். பணத்தின் சாவி மேஸ்திரி கையில்தான்.

அப்புறம், ஆளிடம் பேச வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்த பெண்ணிடம் கேன்டீன் பின்னால் உட்கார்ந்து பேசினேன். பேரையூர்ப் பக்கத்து ஊர் அவருக்கு. சம்பளம் ஒழுங்கா வருதா என்றால் வருது என்றார். லீவு உண்டா என்றால் உண்டு என்றார். "நாளைக்கே வேலை வேணாம்னு வீட்டுக்குக் கிளம்பினா என்ன ஆகும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அட்வான்ஸ் இன்னும் கழியல மேடம். போனா எங்க வீட்டுக்காரர வந்து கேப்பாக. ஆதாரும் அவுககிட்டதான் இருக்கு." எவ்வளவு வாங்கினீர்கள் என்றதற்குச் சொல்லத் தெரிந்தது. இதுவரை எவ்வளவு கழிந்தது என்பது தெரியவில்லை. கணக்கு நோட்டு அவர் கண்ணில் பட்டதே இல்லை. சம்பளம் வருதா, சாப்பாடு நல்லாயிருக்கா என்று பத்துக் கேள்விகள் கேட்பதைவிட, நாளைக்குக் கிளம்பினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இந்தி, ஒடியா, வங்காளம் பேசுகிறவர்களிடம் மேஸ்திரியையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வெளியாள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கம்பெனிகளின் பர்சேஸ் துறையில் இருப்பவர்களுக்கு. தப்பு முழுவதும் மேஸ்திரி தலையில் விழுகிறது. ஆனால் அதற்கான இடத்தைத் திறந்துவிடுவது பல நேரங்களில் நீங்கள் கையெழுத்துப் போடும் கொட்டேஷன். கணக்குக்காக மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.பில் முதலாளி பங்கு, நிர்வாகக் கட்டணம், காப்பீடு சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,560. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 390. போனஸ் 8.33 சதவீதம், சுமார் 1,000. மொத்தம் 14,950 வந்துவிட்டது. விடுப்புச் சம்பளம், சீருடை, ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அந்த இடத்துக்கு ஒருவர் 14,000 ரூபாய்க்கு ஆள் தருகிறேன் என்கிறார், நீங்களும் ஆர்டர் கொடுக்கிறீர்கள் என்றால், குறையும் பணத்தை அவர் எங்கிருந்து எடுப்பார் என்று ஒரு தரம் யோசிக்க வேண்டாமா? தொழிலாளியின் கூலியிலிருந்து எடுப்பார், அல்லது வேலை வாங்கித் தருவதற்கு அவரிடமே பணம் வாங்குவார். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது ஆளை வேலைக்கு எடுத்துக்கொண்ட கம்பெனி, கொடுத்தே ஆக வேண்டும் என்பது 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அந்தப் பொறுப்பை விடவில்லை. "எங்களுக்குத் தெரியாது, கான்ட்ராக்டர் பார்த்துக்கிட்டார்" என்பது எடுபடாது.

ஏஜென்சிக்காரர்களே, உங்கள் சப்-ஏஜென்ட்டுக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று நீங்களே வெளிப்படையாகக் கொடுங்கள். அதை கம்பெனி பில்லில் காட்டி வாங்குங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் குறித்த 1997-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம் தொழிலாளியிடம் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் பொருள் செய்து கொடுக்கும் கம்பெனிகள் இன்று உங்களிடம் இதைக் கேட்கின்றன. நாளை எல்லோரும் கேட்பார்கள்.

வெளிநாட்டு வேலை பற்றிச் சுருக்கமாக. பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட்டின் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போனதும் மாற்றித் தருவார்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப் போய் மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்ததைப் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறையே எச்சரித்தது. சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இருந்தார்கள்.

தணிக்கையில் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கம்பெனி பதறிப்போய் அன்று மாலையே ஒப்பந்தக்காரரை வெளியேற்றுகிறது. ஒப்பந்தக்காரர் இரவோடு இரவாக எல்லோரையும் ரயிலேற்றி விடுகிறார். கம்பெனிக்கு நிம்மதி. தொழிலாளிக்கு வேலையும் போச்சு, கடனும் அப்படியே இருக்கிறது. ஊரில் மேஸ்திரி வாசலில் நிற்கிறார். அடுத்த மாதம் அதே ஆட்கள் வேறு ஊரில், வேறு ஏஜென்சி பெயரில், இன்னும் கூடுதல் கடனோடு வேலைக்கு இறங்குகிறார்கள்.

அவசரப்பட்டு யாரையும் அனுப்பாதீர்கள். தொழிலாளர்களைத் தனியாகச் சந்தித்து, என்ன செய்யலாம் என்று அவர்களிடமே பேசுங்கள். கார்டு, ஆதார், போன் எல்லாவற்றையும் அன்றே அவர்கள் கையில் வாங்கிக் கொடுங்கள். பிறகு ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் தகவல் கொடுங்கள். மதுரை மாவட்டத்தில் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எனக் கோட்டாட்சியர் அலுவலகங்கள் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098. இலவச வக்கீல் உதவிக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100. முதலாளி இல்லாத இடத்தில் வாக்குமூலம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, தொழிலாளியுடையதல்ல. விசாரணையில் உறுதியானால் விடுவிப்புச் சான்று தருவார்கள். அந்தக் கடன் சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் "கணக்கை முடிச்சிட்டுப் போ" என்று பணம் வாங்கினால் அதுவே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அந்தச் சான்றைத் தொழிலாளி ஊருக்கு எடுத்துப் போக வேண்டும், ஒரு நகல் கையிலும் இன்னொன்று வீட்டிலும் இருக்கட்டும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழக்கு முடியும்வரை காத்திருக்காமலே கிடைக்கும். மறுவாழ்வு உதவி ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறார்களுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடிய சுரண்டலுக்கு 3 லட்சம். இது தண்டனைத் தீர்ப்பு வந்தால்தான் முழுமையாகக் கிடைக்கும். அதனால் வருகைப் பதிவேடு, வங்கி அறிக்கை, கார்டுகள் இருந்த இழுப்பறையின் போட்டோ, மேஸ்திரியின் கணக்கு நோட்டு எதையும் அழிக்க விடாதீர்கள். நகல் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, மனுவோடு சேர்த்துக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.