பழைய காருக்குப் புது மீட்டர்: ஏற்காடு ஏறும் முன்

போன மாதம் பட்டறைக்கு ஒரு அம்பாசிடர் வந்தது. பெயின்ட், சீட் எல்லாம் புதிது, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. டேஷ்போர்டுக்குக் கீழே நான்கு வட்ட மீட்டர் வைத்த பேனல்: ஆயில், ஹீட், பெட்ரோல், கரன்ட்டை அளக்கிற அம்மீட்டர். ஆன்லைனில் வாங்கி, வண்டிக்காரத் தம்பி தானே மாட்டியிருக்கிறார். "ஏற்காட்டுக்கு ஏறும்போது கருகின வாசம் வந்துச்சுண்ணா. அஞ்சாவது வளைவுலயே திருப்பிட்டேன்" என்றார்.

பேனலை இறக்கிப் பார்த்தேன். அம்மீட்டருக்குப் போன சிவப்பு ஒயரின் மேலுறை உருகி, பக்கத்து ஒயரோடு ஒட்டிக்கிடந்தது. தடிமனைப் பார்த்தால் ஸ்பீக்கருக்கு இழுக்கிற ஒயர்.

பேனல் மாட்டுவதில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குவது அரைமணி நேர வேலை. அதைத்தான் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். வண்டியை எரிப்பதும், முள்ளைப் பொய் சொல்ல வைப்பதும் பேனலுக்குப் பின்னால் இருக்கிற ஒயர்தான்.

அம்மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் இழுப்பதைத் தவிர, பேட்டரிக்குப் போகிற வருகிற கரன்ட் அத்தனையும் அதன் வழியாகத்தான் ஓடும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பழைய லூகாஸ் டைனமோ 20 ஆம்பியர் சொச்சம்தான் தரும். அதற்கு 30 ஆம்பியர் மீட்டர் தாங்கியது. இப்போது பெரும்பாலும் டைனமோவை வைத்துக்கொள்வதில்லை, அதைவிட அதிக கரன்ட் தருகிற ஆல்டர்னேட்டர் போட்டுவிடுகிறார்கள். இறங்கிப்போன பேட்டரியோடு காலையில் கிளப்பினால் 40 ஆம்பியர்கூடப் பாயும். அந்த ஒயரில் பெரும்பாலும் ஃப்யூஸும் இருக்காது. சாவியை எடுத்தாலும் கரன்ட் நிற்காது. பின்னால் உள்ள நட்டு கொஞ்சம் லூசானால் அங்கேயே சூடேறும். ஒயர் நழுவித் தகட்டில் பட்டால் பேட்டரி நேரடியாக ஷார்ட்.

அதனால் நான் அம்மீட்டர் மாட்டித் தருவதில்லை. வோல்ட் மீட்டர் போடுங்கள் என்பேன். சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இடத்திலிருந்து 3 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ஒரு ஒயர், எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்கு, ஒரு ஒயர், அவ்வளவுதான். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் எல்லாம் நலம். ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும்.

அடுத்தது ஹீட் மீட்டர். நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்தால்தான் அதற்கு மேல் தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்த வண்டி, சேலம் டவுனில் சமாளித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவை முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஏறி முடிப்பதற்குள் ஆவி கக்கும். இந்த இடத்தில் பொய்யான மீட்டரைவிட மீட்டர் இல்லாமல் இருப்பதே மேல்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு ஒரு பத்மினி காருக்கு ஹீட் சென்சார் மாட்டினேன். தண்ணீர் கசியக் கூடாதே என்று மரையில் டெஃப்லான் டேப்பை நாலைந்து சுற்று சுற்றினேன். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த் என்பது அன்று புத்தியில் உறைக்கவில்லை. எர்த் சரியாகக் கிடைக்காமல் முள் குளிரிலேயே உட்கார்ந்துவிட்டது. பானெட்டுக்கு அடியிலிருந்து புகை வந்த பிறகுதான் வண்டிக்காரர் நிறுத்தினார். ஹெட் கேஸ்கெட் செலவு என் கையிலிருந்து போனது. இன்று செம்பு வாஷர் போடுகிறேன்; கூம்பு மரையாக இருந்தால் பேஸ்ட் ஒரு பொட்டு.

மரை என்றதும் இன்னொன்று. 1/8 அங்குலம் என்று எழுதியிருந்தாலே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க அளவான என்.பி.டி. என்றால் அங்குலத்துக்கு 27 மரை, பிரிட்டிஷ் அளவான பி.எஸ்.பி. என்றால் 28. இரண்டு சுற்று சுலபமாக ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனரால் முடுக்கினால் பிளாக்கிலேயே விரிசல்.

ஆயில் மீட்டரில், நைலான் குழாய் வழியாக ஆயிலையே டேஷ்போர்டு வரை கொண்டுவரும் வகை மலிவு. தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் போடாமல் விட்டால் குழாய் அறுந்து, கொதிக்கும் ஆயில் காலில் தெறிக்கும். சென்சார் வைத்த எலக்ட்ரிக் வகையே வாங்குங்கள். ஒரே துளையில் இரண்டு சென்சார் மாட்ட டி-ஜாயின்ட் போட்டு, பழைய சிவப்பு ஆயில் லைட்டையும் விட்டுவைக்க வேண்டும்.

பெட்ரோல் மீட்டருக்கு ஓம் கணக்கு, அதாவது டேங்குக்குள் மிதவையோடு இருக்கிற யூனிட்டின் மின்தடை. அமெரிக்க வகை யூனிட், டேங்க் காலியானால் 240 ஓம் காட்டும், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகை காலியில் 10, நிறைந்தால் 180. இரண்டையும் மாற்றிக் கோத்தால் முள் தலைகீழாகப் பேசும். சில பழைய வண்டிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் இருக்கும். பழைய மீட்டருக்கு 10 வோல்ட் கொடுக்கிற பெட்டி அது. புது மீட்டருக்கு அதிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள்.

பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். பாசிட்டிவ் எர்த்தாக இருக்கலாம். எலக்ட்ரானிக் மீட்டர் அதில் நொடியில் போய்விடும். எந்த வண்டியானாலும் பேட்டரி முனையைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள்.

அந்த அம்பாசிடருக்கு வோல்ட் மீட்டர் போட்டு, ஒயரிங்கைப் புதிதாக இழுத்து அனுப்பினேன். பெட்ரோல் மீட்டருக்கும் டேங்க் யூனிட்டுக்கும் ஓம் ஒத்துவரவில்லை, வேறு வாங்கி வரச் சொன்னேன். சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து போன்.

"ஹீட் 90-ஐத் தாண்டலைண்ணா. ஆனா ஃபுல் டேங்க் போட்டும் காலின்னே காட்டுது."