பசுமை மின்சாரத் திட்டம்: கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

"கடல் காற்றாலை மின்சாரம், விலை ஏறாது, இன்றே சேர்ந்தால் கழிவு" என்று கடைத்தொகுதிச் சாவடியிலோ தொலைபேசியிலோ யாராவது சொல்லி உங்கள் எஸ்பி (சிங்கப்பூரின் மின்கட்டமைப்பை நடத்தி, மின், தண்ணீர் பில் அனுப்பும் நிறுவனம்) கணக்கு எண்ணைக் கேட்டால், எண்ணைச் சொல்லும் முன் கொஞ்சம் நிறுத்துங்கள். நீங்கள் கையெழுத்திடப்போவது 6, 12 அல்லது 24 மாதத்துக்கான விலை ஒப்பந்தம். காற்றைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கலாம். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கும். குடும்பங்கள் மாட்டிக்கொள்வது அந்த இரண்டாவது வரியில்தான்.

பின்னணி இவ்வளவுதான்: 2018 நவம்பர் முதல் 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாகத் திறந்த மின்சாரச் சந்தை வீடுகளுக்கு வந்தது. விருப்பப்பட்டால் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றுக்கு மாறலாம். இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் எஸ்பி கட்டண விகிதத்திலேயே இருக்கலாம். மாறியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "கடைசித் தேதி" என்று யாராவது சொன்னால் அது அந்த நிறுவனத்தின் சலுகைக்கான தேதி.

இனி காற்றுக்கு வருவோம். சிங்கப்பூரில் சராசரிக் காற்று வேகம் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர். பெரிய காற்றாலை ஓட 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் இங்கே வணிகக் காற்றாலை கிடையாது. வியட்நாம் கடற்காற்றிலிருந்து 1.2 கிகாவாட் கொண்டுவரும் திட்டத்துக்கு எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 அக்டோபரில் நிபந்தனையுடன் ஒப்புதல் தந்தது. கடலடிக் கம்பிவடம் போட்டு முடிந்து மின்சாரம் வந்தால்தான் அது வரவு. இன்றைக்கு உங்கள் சுவிட்சைத் தட்டினால் வருவது ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியானது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அதே கம்பி, அதே மின்சாரம்.

அப்படியென்றால் "பசுமை" என்று எதற்குப் பணம் கொடுக்கிறோம்? பெரும்பாலும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழுக்கு. எங்கோ ஒரு சூரியசக்தி, நீர்மின் அல்லது காற்றாலை நிலையம் 1,000 யூனிட் உற்பத்தி செய்ததற்கு ஒரு சான்றிதழ். அது ஏமாற்று வேலை இல்லை; 2021இல் அதற்கென்றே எஸ்எஸ் 673 என்ற சிங்கப்பூர்த் தரநிலையும் வந்தது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும்: எந்த நாட்டுச் சான்றிதழ், எந்த மூலம், எந்த ஆண்டு? என் பயனீட்டில் எத்தனை விழுக்காட்டுக்கு? பதில் எழுத்தில் வரவில்லையென்றால் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

"பசுமைத் திட்டத்துக்கு மாறினால் காற்று நிற்கும்போது விளக்கு அணையுமா?" என்ற பயத்தை விட்டுவிடலாம். காற்றின் வேகம் பாதியானால் காற்றாலை தரும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது உண்மைதான். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது மின்கட்டமைப்பின் வேலை. எரிவாயு நிலையங்கள் இருக்கின்றன. ஜூரோங் தீவில் 2023 முதல் 200 மெகாவாட் மின்கலச் சேமிப்பும் இருக்கிறது. சில்லறை விற்பனையாளருக்கு இதில் பங்கு இல்லை. "எங்கள் மின்சாரம் தடையில்லாதது" என்று ஒருவர் விற்றால், தன்னிடம் இல்லாத பொருளை விற்கிறார்.

இப்போது உண்மையான கண்ணிகள்.

யூ-சேவ் தள்ளுபடி, அதாவது தகுதியுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மின், தண்ணீர்க் கட்டணத்தில் அரசு தரும் தள்ளுபடி. வீவக வீட்டுக்காரர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். தள்ளுபடி உங்கள் எஸ்பி கணக்கில்தான் வரவாகும். எஸ்பி அனுப்பும் கட்டணத்தில்தான் கழியும். சில நிறுவனங்கள் மின்கட்டணத்தை எஸ்பி பில்லோடு சேர்த்து வசூலிக்கின்றன; சில தனி பில் அனுப்புகின்றன. தனி பில் என்றால் யூ-சேவ் தண்ணீர், எரிவாயு, குப்பை அகற்றும் கட்டணம் ஆகியவற்றில் மட்டும் கழியும். மீதி கணக்கிலேயே தங்கும், பறிபோகாது. ஆனால் மின்கட்டணத்துக்கு மாதாமாதம் கையிலிருந்து ரொக்கம் போகும். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. "ஒரே பில்லா, இரண்டா?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் கவனம். எஸ்பி கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் திட்டத்தில் சேர முடியும், விலகல் கட்டணத்துக்கும் அவரே பொறுப்பு. வாடகை ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கும்போது 24 மாதத் திட்டத்தில் சேர்ந்துவிட்டு வீடு மாறினால் பணம் போய்விடும். புது முகவரிக்குத் திட்டத்தை மாற்றித் தருவார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நிறுவனம் தரும் திட்ட விவரத்தாளில் அது இல்லையென்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விவரத்தாள் என்பது நீங்கள் ஒப்புக்கொள்ளும் முன் நிறுவனம் கொடுத்தாக வேண்டிய தாள். "கையெழுத்துப் போட்டபின் மின்னஞ்சலில் வரும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் விலை 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்த்ததா, வைப்புத்தொகை எவ்வளவு, காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படுமா, அப்போது என்ன விலை என்று பாருங்கள். மாதம் 400 யூனிட் செலவாகும் வீட்டுக்கு, யூனிட்டுக்கு ஒரு காசு வித்தியாசம் என்பது மாதம் 4 வெள்ளி. பரிசுக் கூப்பன் 30 வெள்ளி என்றால், விலை ஒரு காசு கூடுதலாக இருந்தாலே எட்டு மாதத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

"எஸ்பி கட்டணத்தில் இத்தனை விழுக்காடு கழிவு" என்பது வேறு வகை. எஸ்பி விகிதம் ஏறினால் உங்கள் விலையும் ஏறும். நிலையான விலை வேண்டுமென்றால் தாளில் யூனிட்டுக்கு இத்தனை காசு என்று எழுதியிருக்க வேண்டும்.

நிறுவனமே கடையை மூடினால்? 2021 இறுதியில் உலக எரிவாயு விலை ஏறியபோது பல நிறுவனங்கள் வெளியேறின. வீடுகள் எஸ்பிக்கு மாற்றப்பட்டன, ஒரு வீட்டிலும் மின்சாரம் நிற்கவில்லை. உங்கள் வேலை, வைப்புத்தொகை திரும்ப வந்ததா என்று பார்ப்பது.

சிக்கல் வந்தால் நிறுவனம் எஸ்பியைக் கேள் என்னும், எஸ்பி நிறுவனத்தைக் கேள் என்னும். இந்த அலைக்கழிப்பில் வாரங்கள் போகும். மின்தடை, மீட்டர், கம்பி என்றால் எஸ்பி. மின்தடைக்கு 1800 778 8888. விலை, வைப்புத்தொகை, விலகல் கட்டணம் என்றால் நிறுவனம் மட்டுமே. நிறுவனத்திடம் தொலைபேசியில் பேசி நிறுத்தாதீர்கள். அதே நாளில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், தேதியும் பேசியவர் பெயரும் சேர்த்து. அந்த மின்னஞ்சல் இல்லாமல் பயனீட்டாளர் சங்கத்திடம் போனால் உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும். அங்கும் தீரவில்லையென்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்: வழக்கறிஞர் வேண்டாம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பயனீட்டாளர் 5,000 வெள்ளிக்குள் கேட்டால் தாக்கல் கட்டணம் 10 வெள்ளி. விவரத்தாள், பில்கள், அந்த மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள்.