மக்காச்சோளத்துக்கு மாற்று: கறிக்கோழித் தீவனத்தில் எரிசக்திக் கணக்கு

கறிக்கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அதனால்தான் மக்காச்சோளம் விலை ஏறும்போதெல்லாம், பல்லடம், உடுமலைப் பக்கங்களில் சொந்தமாகத் தீவனம் அரைக்கும் பண்ணையாளர்கள் "வேறு என்ன போடலாம்?" என்று கேட்கிறார்கள். 2018-இல் மக்காச்சோளப் பயிரை அழிக்கும் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தபோது இந்தக் கேள்வி வலுத்தது. 2023 ஜூலையில், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு இந்திய உணவுக் கழகத்தின் அரிசி நிறுத்தப்பட்டு, ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பிய பின், கோழியின் தானியத்துக்கு வாகன எரிபொருளும் போட்டிக்கு வந்துவிட்டது. மாற்றுத் தானியங்களைப் பற்றி யோசிப்பது இனி தவிர்க்க முடியாதது. ஆனால் அந்த யோசனையைப் பெரும்பாலோர் தொடங்கும் இடம் தவறாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மூட்டை விலையை வைத்து முடிவெடுப்பதே அந்தத் தவறு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2007-ஆம் ஆண்டு வரையறைப்படி, ஒரு கிலோ தீவனத்தில் பிரீ-ஸ்டார்ட்டருக்கு (குஞ்சுகளின் முதல் தீவனம்) 3,000, ஸ்டார்ட்டருக்கு (அடுத்த கட்டத் தீவனம்) 3,100, ஃபினிஷருக்கு (விற்பனைக்கு முந்தைய கட்டத் தீவனம்) 3,200 கிலோ கலோரி வளர்சிதை மாற்ற எரிசக்தி, அதாவது கோழியின் உடலுக்குப் பயன்படும் எரிசக்தி, இருக்க வேண்டும். மக்காச்சோளம் கிலோவுக்குச் சுமார் 3,300 தருகிறது. கம்பு, ரகத்தைப் பொறுத்து மாறினாலும், 2,900 தருவதாக வைத்துக்கொள்வோம். மக்காச்சோளம் 24 ரூபாய், கம்பு 22 ரூபாய் என்றால் கம்பு மலிவு என்றே தோன்றும். ஆனால் 1,000 கிலோ கலோரிக்குக் கணக்கிட்டால் மக்காச்சோளம் 7 ரூபாய் 27 காசு, கம்பு 7 ரூபாய் 59 காசு. அதோடு கணக்கு முடிவதில்லை. மக்காச்சோளத்தில் 8 முதல் 9 சதவீதமே புரதம் இருக்க, கம்பில் 11 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறது. அதற்கேற்பச் சோயா புண்ணாக்கைக் குறைத்தால் கம்பு மறுபடி கட்டுப்படியாகலாம். சோயாவைக் குறைக்காமல், எண்ணெயும் கூட்டாமல், கிலோவுக்குக் கிலோ மாற்றிப் போட்டுவிட்டு, 35-ஆம் நாளில் எடை வரவில்லை, எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை கூட ஆகும் தீவன அளவு) ஏறிவிட்டது என்று கம்பைக் குறை சொல்வதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

என் அனுபவத்தில் நம் பகுதிக்கு நம்பகமான முதல் மாற்று கம்புதான். சில சோள ரகங்களில் இருக்கும், செரிமானத்தைக் கெடுக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளின் தொல்லை அதில் இல்லை. கொழுப்பும் மக்காச்சோளத்தைவிடச் சற்றுக் கூடுதல். கவனிக்க வேண்டியவை இரண்டு. தேன் ஒழுகல் நோய் தாக்கிய கம்பில் கருமையான, நீண்ட பூஞ்சைக் கட்டிகள் கலந்து வரும். அவை நச்சு, அப்படிப்பட்ட சரக்கைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அடுத்தது அரைவை. மக்காச்சோளத்துக்குப் போட்ட சல்லடையிலேயே கம்பை ஓட்டினால் பாதி தானியம் உடையாமல் நழுவி விழும். வளர்ந்த கோழி முழுக் கம்பையும் செரித்துவிடும். முதல் இரண்டு வாரக் குஞ்சுக்கு அரைத்தே கொடுக்க வேண்டும்.

அடுத்த மாற்றான சோளத்தில் நிறத்தைப் பார்த்து டானினை முடிவு செய்ய முடியாது. சிவப்புச் சோளம் எல்லாமே கெட்டதல்ல. காஸ்டிக் சோடா கரைத்த பிளீச்சிங் திரவத்தில் ஒரு கைப்பிடிச் சோளத்தைச் சுமார் 20 நிமிடம் ஊறவைத்து, கழுவி, வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். டானின் உள்ள மணிகள் கருத்துப்போகும், இல்லாதவை வெளுத்துவிடும். நூறு மணிகளை எண்ணினால் எத்தனை சதவீதம் என்பது தெரிந்துவிடும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். கருத்த மணிகள் மிகுந்த சரக்கு கறிக்கோழிக்கு வேண்டாம். டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும்.

குருணை அரிசி எரிசக்தியில் மக்காச்சோளத்துக்கு ஏறக்குறைய சமம், நார்ச்சத்தும் குறைவு. விலை ஒத்துவந்தால் தயங்காமல் சேர்க்கலாம். கோதுமை நமக்கு அரிதாகவே கட்டுப்படியாகும்; சேர்த்தால், அதன் பிசுபிசுப்பான நாரை உடைக்கும் சைலனேஸ் நொதி இல்லாமல் சேர்க்கக் கூடாது, எச்சம் பிசுபிசுத்து ஆழ்கூளம் (கொட்டகைத் தரையில் பரப்பிய உமி போன்ற படுக்கை) ஈரமாகிவிடும்.

கம்பு, குருணை, வெள்ளைச் சோளம் மூன்றிலும் மஞ்சள் நிறமி இல்லாததால் கோழியின் கால் வெளுக்கும். தோலுரித்து வாங்கும் நம் ஊரில் இறைச்சிக்கு இதனால் குறைவில்லை என்றாலும், பிடிக்க வரும் வியாபாரி நோய்க்கோழி என்று விலையைக் குறைப்பார். இரத்தக் கழிச்சலிலும் பூஞ்சை நச்சிலும்கூடக் கால் வெளுக்கும் என்பதால், தீவனம் மாற்றியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சேலம், நாமக்கல் பகுதியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மரவள்ளி. தோல் நீக்கி, சீவி, நல்ல வெயிலில் முறுகக் காயவைத்த சில்லுகள் கிலோவுக்கு 3,000 கிலோ கலோரியை ஒட்டித் தருகின்றன. சயனைடு தோலில்தான் அதிகம். வெயிலில் காயும்போது அது பெருமளவு போய்விடும். மீதியை முறிக்க உடல் கந்தகத்தைச் செலவழிப்பதால் கந்தகம் உள்ள அமினோ அமிலமான மெத்தியோனைனைச் சற்றுக் கூட்ட வேண்டும். புரதம் 2 முதல் 3 சதவீதமே என்பதால் சோயாவும் கூடும்; அந்தச் செலவையும் சேர்த்தே விலை பாருங்கள். மாவு தூசியாகப் பறந்து அலகில் அப்பிக்கொள்ளும். பெல்லட்டாக்கினாலோ (சிறு உருளைகளாக அழுத்தினாலோ) சிறிது எண்ணெய் கலந்தாலோ அது அடங்கும். ஜவ்வரிசி ஆலையில் மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கையான திப்பியை இதற்கு இணையாக நினைக்க வேண்டாம். நார் அதிகம், வெறுந்தரையில் உலர்த்தியதில் மணலும் சேர்ந்திருக்கும். ஒரு பிடியைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் அடியில் தங்குவதே சொல்லிவிடும்.

குறைந்த எரிசக்தியை ஈடுகட்டக் கிலோவுக்கு 8,000 கிலோ கலோரிக்கு மேல் தரும் எண்ணெய் உதவும். ஆனால் சிக்கு வாடை அடிக்கும் கெட்டுப்போன எண்ணெயோ, ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயோ எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். அரிசி ஆலையிலிருந்து வரும், எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிடும் சில நாள்களிலேயே சிக்கு வாடை அடிக்கும் என்பதால், அதைக் கிட்டங்கியில் அடுக்கக் கூடாது.

புதிய சரக்கு எதுவானாலும் ஈரப்பதம், புரதம், நார், மணல், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு ஆகியவற்றைப் பரிசோதித்த பின்பே ஃபார்முலாவை எழுதுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே இதற்கான தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரியை ஒரே மூட்டையிலிருந்து அள்ளாமல், பல மூட்டைகளில் குத்தூசியால் எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். மாற்றத்தைப் பிரீ-ஸ்டார்ட்டரில் தொடங்காமல், மூன்றாவது வாரத்தில் நான்கைந்து நாள்களில் படிப்படியாகக் கொண்டுவாருங்கள். முதல் பேட்ச்சில் ஒரு கொட்டகையில் மட்டும் போட்டு, இன்னொன்றைப் பழைய தீவனத்திலேயே விட்டு, இரண்டிலும் வாரந்தோறும் எடை பார்த்து, ஒரு கிலோ உயிர் எடைக்கு ஆன தீவனச் செலவை எழுதி வைத்தால், அடுத்த பேட்ச்சுக்கு எதை எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு வெளியில் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.