ஹார்மோன்: ‘இயக்குநீர்’ என்ற சொல்லும் அதன் பொருத்தமும்

உடலின் ஓரிடத்தில் உருவாகி, குருதியோடு கலந்து சென்று, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பின் செயலை மாற்றும் வேதிப்பொருளே ஹார்மோன். தமிழில் இதற்கு இயக்குநீர், சுரப்புநீர், வளரூக்கி எனப் பல பெயர்கள் வழங்கி வருகின்றன. இலங்கைப் பாடநூல்கள் கிரந்த எழுத்தைத் தவிர்த்து ‘ஓமோன்’ என்று எழுதுகின்றன. இவற்றுள் எது தக்கது என்று சொல்வதற்கு, மூலச் சொல் எந்தத் தேவையால் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

உறுப்புகளுக்கு ஏவல் போவதெல்லாம் நரம்பு வழியாகத்தான் என்று உடலியலார் பெரும்பாலும் நம்பியிருந்த காலம் அது. உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு இறங்கியதும் கணையம் தன் நீரைச் சுரக்கிறது. அதற்கும் நரம்பே காரணம் என்று கருதப்பட்டது. 1902ஆம் ஆண்டு, இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னெஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரும், மயக்கப்பட்ட நாய் ஒன்றின் சிறுகுடலில் ஒரு வளைவைத் தனிப்படுத்தி, அதற்கு வரும் நரம்புகளை அறுத்துவிட்டு, குருதிக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தனர். அவ்வளைவுக்குள் நீர்த்த அமிலத்தைச் செலுத்தியபோது, நரம்புத் தொடர்பே இல்லாத நிலையிலும் கணையம் சுரந்தது. உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டியெடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டிய சாற்றைக் கழுத்துச் சிரையில் செலுத்தினர். கணையம் மீண்டும் சுரந்தது. குருதியில் பயணம் செய்த அப்பொருளுக்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டார்கள். இத்தகைய பொருள்கள் அனைத்துக்கும் ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டபோது, 1905இல் ஸ்டார்லிங் தம் சொற்பொழிவில் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை முதன்முதலாக ஆண்டார். கிளர்த்துதல், இயங்கச் செய்தல் என்று பொருள்படும் ‘ஹார்மாவோ’ என்ற கிரேக்க வினையே அதன் வேர்.

நரம்பும் ஹார்மோனும் இரு வேறு ஆட்சிகள் என்ற எண்ணம் அக்கண்டுபிடிப்பால் வலுப்பெற்றாலும், பின்னர் வந்த ஆய்வுகள் இரண்டையும் மூளையின் அடித்தளத்திலேயே இணைத்துவிட்டன. நெடுநேரம் நீர் அருந்தாதிருக்கும் ஒருவரின் குருதிச் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே, ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியிலுள்ள உணர்செல்கள் அதை அறிந்துகொள்கின்றன. அங்குள்ள நரம்புச் செல்கள் தாமே வாசோபிரெசின் என்ற ஹார்மோனை உருவாக்கி, தம் நீண்ட இழைகளின் வழியே, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியின் பின்மடலுக்கு இறக்கி, குருதியில் விடுகின்றன. சிறுநீரகம் நீரை மீட்டுக்கொள்கிறது. சிறுநீர் குறைந்து நிறம் அடர்கிறது. தாகம் எழுவதும் அதே பகுதியின் தூண்டுதலால்தான்.

பிட்யூட்டரியின் முன்மடல் நடக்கும் முறை வேறு. ஹைப்போதலாமஸ் விடுக்கும் பொருள்கள் குறுகிய குருதிக் குழாய்கள் வழியே அதை அடைய, அது தைராய்டு முதலிய சுரப்பிகளுக்கு ஏவல் அனுப்புகிறது. அச்சுரப்பிகளின் ஹார்மோன் குருதியில் போதிய அளவு சேர்ந்ததும், அதுவே திரும்பிவந்து மூளையையும் பிட்யூட்டரியையும் அடக்குகிறது. ஆய்வக அறிக்கைகளில் காணும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) என்பது தைராய்டுக்குப் போகும் அந்த ஏவல்தான். அதைச் சுரப்பது தைராய்டு அன்று, பிட்யூட்டரி. தைராய்டு தளர்ந்தால் அதன் ஹார்மோன் குறைந்து, பிட்யூட்டரியை அடக்குவதும் குறைகிறது. அதனால்தான் தைராய்டு தளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் டி.எஸ்.எச். எண் ஏறிக் காணப்படுகிறது. எண் கூடியிருப்பதைக் கண்டு தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று தவறாக எண்ணிக்கொள்வோர் பலர்.

பட்டாணி அளவே உள்ள இப்பிட்யூட்டரியின் பெயர் ஒரு பழம்பிழையின் எச்சம். மூளையில் ஊறும் சளி இதன் வழியே மூக்கில் வடிகிறது என்று பண்டைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். ‘பிட்யூட்டா’ என்றால் இலத்தீனில் சளி. இலங்கைத் தமிழில் இதைக் கபச்சுரப்பி என்று அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். பெயர்ப்பு துல்லியமானதுதான், பிழையும் துல்லியமாகப் பெயர்ந்து வந்துவிட்டது.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். வளரூக்கி என்பது வளர்ச்சி ஹார்மோனுக்கு ஓரளவு பொருந்தலாம். குருதிச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினுக்கோ நீரைக் காக்கும் வாசோபிரெசினுக்கோ பொருந்தாது. வேதியியலில் வினையூக்கி என்ற சொல் வேறு பொருளில் நிலைபெற்றிருப்பதும் குழப்பத்தைக் கூட்டும். மேலும், எல்லா ஹார்மோன்களும் ஊக்குவன அல்ல. 1973இல் அறியப்பட்ட சொமட்டோஸ்டாட்டின் வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பைத் தடுக்கிறது. கிளர்த்துவது என்ற கிரேக்க மூலமே இவ்விடத்தில் போதாமல் போகிறது. தமிழில் இயங்கு என்ற தன்வினைக்குப் பிறவினையான ‘இயக்கு’, முடுக்குவதை மட்டுமின்றி, நெறிப்படுத்தி நடத்துவதையும் குறிக்கும். வண்டியை இயக்குபவர் அதை நிறுத்தவும் செய்கிறார். இவ்வகையில் பெயர்ப்பு மூலத்தைவிட ஒருபடி பொருத்தமாக அமைந்துவிட்டது என்பேன்.

குறை, பின்னொட்டாக நிற்கும் ‘நீர்’ என்பதில் இருக்கிறது. உமிழ்நீரும் கணையநீரும் குழாய் வழியே வழியும் நீர்மங்கள். ஹார்மோனோ குருதியில் மிகச் சிறிய அளவில் உலவும் மூலக்கூறு. கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் நீரில் எளிதில் கரையாமல், புரதங்களைப் பற்றிக்கொண்டே பெரிதும் செல்கின்றன. சுரப்புநீர் என்ற சொல்லில் இக்குறை இன்னும் மிகுதி. அது உமிழ்நீரிலிருந்து ஹார்மோனைப் பிரித்துக் காட்டவே இல்லை.

இவற்றைச் சுரக்கும் உறுப்புகளை நாளமில்லாச் சுரப்பிகள் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்கின்றன. சுரப்பை வெளியே கொண்டுசெல்லும் குழாய் இல்லாதவை என்பதே கருத்து. ஆனால் இரத்த நாளம் என்ற தொடருக்குப் பழகிய மாணவர், குருதிக் குழாயே இல்லாத சுரப்பி என்று அதைப் புரிந்துகொள்ள இடமுண்டு. உண்மையில் குருதிக் குழாய்கள் மிகச் செறிந்த உறுப்புகள் இவை. உள்ளே பிரித்துவிடுவது என்ற கிரேக்கக் கருத்தையொட்டிய அகச்சுரப்பி என்ற பெயர், சுருக்கத்தாலும் தெளிவாலும் மேலானது.

ஆகவே, ‘நீர்’ என்ற குறை இருந்தாலும், பொதுப்பெயராக இயக்குநீர், சுரப்பிக்கு அகச்சுரப்பி என்று எழுதலாம். இன்சுலின், கார்ட்டிசால் போன்ற தனிப்பொருள்களின் பெயர்களை ஒலிபெயர்த்தே வழங்குவது நன்று. மருந்துச் சீட்டிலும் ஆய்வக அறிக்கையிலும் அப்பெயர்களையே மக்கள் காண்கிறார்கள்.