தேர்ச்சி சதவீதம் இருக்கட்டும், பையன் எங்கே?

போன மாதம் மறுபடியும் ஒரு பையன். வடசென்னை வியாசர்பாடி. எட்டாம் வகுப்பு முடித்தவன் ஒன்பதாம் வகுப்பில் எங்கேயும் சேரவில்லை. ஜூனில் விட்டுப்போனவனைத் தேடும் வேலை பொங்கலுக்கு அப்புறம்தான் என் கைக்கு வந்தது. அவன் ஊரைவிட்டு எங்கும் ஓடவில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிகாலையில் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். அவன் தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். தேட வேண்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், அவன் பெயர் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. மாலை டியூஷன் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ரிஜிஸ்டரில் ஜூலையிலிருந்து ஆப்சென்ட். ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஒருவரின் நோட்டில், பெயருக்கு நேராகப் பென்சிலில் 'வேலைக்குப் போறான்'. பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களை ஏற்றிவைக்கும் எமிஸ் இணையப் பதிவில், டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கியதால் காமன் பூல். மூன்றையும் ஒரே மேசையில் விரித்திருந்தால் ஆகஸ்ட்டிலேயே ஆள் கிடைத்திருப்பான். விரிக்க யாருமில்லை. டியூஷன்காரர்கள் அவர்கள் ரிஜிஸ்டரை நிதி கொடுப்பவருக்குக் காட்டினார்கள், பள்ளி அதன் பதிவை மேலிடத்துக்கு அனுப்பியது. ஃபுட்பால் அண்ணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காமன் பூல் என்றால் ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை ஒரு பள்ளியை விட்டு டிசி வாங்கியதும் அவன் எமிஸ் எண் பொதுப் பட்டியலுக்குப் போகும். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எடுக்க யாரும் வராவிட்டால் அங்கேயே கிடக்கும்.

வீட்டுக்குப் போனேன். அம்மா பீரோவைத் திறந்து, புடவை மடிப்புக்குள்ளிருந்து அந்த டிசியை எடுத்தார். லேமினேட் செய்திருந்தார். "எம்மாம் பத்திரமா வச்சிருக்கேன் பாருங்க மேடம்" என்றார். எட்டாவது பாஸ் ஆனதற்குக் கொடுத்த சான்றிதழ் என்று நினைத்திருக்கிறார். அதை இன்னொரு பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்தப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கதையைக் கூட்டத்தில் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: "எங்க ரிசல்ட் 95 சதவீதம் மேடம்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் ஒரு தடவை விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியது 38 பேர். தேறியது 36 பேர். வாசலில் தொங்கும் பேனரில் 95 சதவீதம் என்று வரும். பொய்யில்லை, 38இல் 36 அவ்வளவுதான். ஆனால் 60இல் 36 என்று போட்டுப் பாருங்கள். 60 சதவீதம். சரி, வீடு மாறிப்போனவர்கள் இருப்பார்கள், வேறு பள்ளியில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள், அவர்களைக் கழித்துவிடலாம். அப்படி ஒரு 10 பேரைக் கழித்தாலும் மிச்சம் 12 பேர் எங்கே? தேர்ச்சி சதவீதத்துக்கு இந்தக் கேள்வியே தெரியாது. தேர்வு அறைக்குள் வந்தவர்களை மட்டும்தான் அது எண்ணும். இன்னும் சொல்லப்போனால், ஒன்பதாவதில் தடுமாறும் பிள்ளையிடம் "நீ பிரைவேட்டா எழுதிக்கோப்பா" என்று நைசாகச் சொல்லி அனுப்பிவிட்டால் அந்த எண் ஏறும். பிள்ளை போனால் எண் ஏறும் என்கிற ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளையின் முன்னேற்றத்தை அளக்கிறோம் என்றால் என்ன சொல்வது?

வருகைச் சராசரியும் இதே கதைதான். 40 பேர் வகுப்பில் 35 பேர் தினமும் வருகிறார்கள், 5 பேர் பாதி நாள் வருவதில்லை. சராசரி கிட்டத்தட்ட 94 சதவீதம். பார்க்க அழகாக இருக்கும். அந்த 5 பேர்தான் அடுத்த வருடம் என் பட்டியலுக்கு வருவார்கள்.

(தலைமை ஆசிரியர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு அவர்கள் எத்தனை இணையப் படிவம் நிரப்புகிறார்கள் என்று பார்த்தால் பரிதாபமாக இருக்கும். தகவல் எல்லாம் மேலே போகிறது, பக்கத்துத் தெருவுக்குப் போவதில்லை என்பதுதான் என் வருத்தம்.)

இதே கோளாறைச் சரிசெய்யப் பார்த்த ஓர் ஊர் உண்டு: அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் சின்சினாட்டி. அந்த ஊரிலும், ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் கென்டக்கி ஊர்களிலும் 2006இல் பள்ளிகள், கல்லூரிகள், தொண்டு அமைப்புகள், கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டணி தொடங்கினார்கள். புதுத் திட்டம் எதுவும் அறிவிக்கவில்லை. ஊரில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை, ஒன்றோடொன்று பேசாததுதான் கோளாறு என்று கண்டார்கள். பள்ளியில் சேரும்போது குழந்தை தயாராக இருக்கிறதா, நாலாவதில் வாசிக்கிறதா, எட்டாவதில் கணக்கு வருகிறதா, பள்ளி முடிக்கிறதா, கல்லூரி முடிக்கிறதா என்று சில அளவுகளைப் பொதுவாக வைத்துக்கொண்டு, எல்லாரும் அதே அளவுகளைப் பார்த்தார்கள். சிகாகோவில் ஆய்வாளர்கள் இன்னொன்று கண்டார்கள்: ஒன்பதாம் வகுப்பைத் தடுமாறாமல் முடித்த பிள்ளை, தடுமாறிய பிள்ளையைவிட மூன்று மடங்குக்கும் மேல் பள்ளிப்படிப்பை நேரத்தில் முடிக்க வாய்ப்பு. ஒன்பதாவது! நம்மிடம் பத்தாவதுக்குத்தான் ஸ்பெஷல் கிளாஸ்.

அங்கே செய்ததை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. நம் ஊருக்கு நம் ஊர்க் கணக்கு. வடசென்னையில் பிள்ளை நழுவும் இடங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்பு, ஐந்திலிருந்து ஆறு, எட்டிலிருந்து ஒன்பது, அப்புறம் பிளஸ் டூவுக்குப் பிறகு. எங்கெல்லாம் கட்டடம் மாறுகிறதோ அங்கெல்லாம் ஓட்டை. வீட்டை இடித்து, தெற்கே மறுகுடியேற்றக் குடியிருப்பு இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால் அது இன்னொரு ஓட்டை.

காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டிலும் திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களிலும் வீட்டில் காசு இல்லாத காலம் அதுதான். பள்ளி திறப்பதும், புதுப் பள்ளியில் சேர வேண்டியதும் சரியாக அப்போதுதான். ஜூனில் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன புள்ளிவிவரம் வேண்டும்?

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, உங்களைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு நீங்கள்தான், பாதிப் பேர் பெண்கள். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட மட்டும் வராதீர்கள். "போன வருஷம் எட்டாவது முடிச்ச பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் இப்ப எங்க படிக்கிறாங்க?" என்று கேளுங்கள். எண்ணிக்கை சொன்னால் விடாதீர்கள், ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வரை வருடத்துக்கு 220 வேலை நாள். அதில் 22 நாள் போனாலே பத்து சதவீதம் போச்சு. மாதத்துக்கு இரண்டு நாள்தான் அது. அந்தக் கோட்டைத் தாண்டிய பிள்ளைகளை மாதாமாதம் பாருங்கள்.

அம்மாக்களுக்கு: டிசி பீரோவில் வைப்பதற்கு இல்லை. லேமினேட் செய்யவே வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலைப் புதுப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். டிசி தொலைந்துவிட்டதா, 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டதா? எட்டாம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. புதுப் பள்ளியில் எமிஸ் எண்ணைச் சொல்லிப் பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் இனிஷியல் வேறு வேறாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கான அரசுத் திட்டங்களான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருவது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதை வைத்துத்தான். நடுவில் பதிவு அறுந்தால், கல்லூரிக்குப் போகும் நேரத்தில் அலைவது நீங்கள்தான்.

தொண்டு நிறுவன நண்பர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஒரே தெருவில் மூன்று பேர் டியூஷன் நடத்துகிறீர்கள், ஒரே பிள்ளையை மூன்று அறிக்கையில் 'பயனாளி' என்று காட்டுகிறீர்கள். மாதத்தில் ஒரு மாலை ஒரே இடத்தில் உட்காருங்கள். மூன்று வாரமாக வராத பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள். சாஃப்ட்வேர் வேண்டாம், டேஷ்போர்டு வேண்டாம். அங்கன்வாடி டீச்சரையும் கோச்சையும் கூப்பிடுங்கள், அவர்களுக்குத்தான் வீடு தெரியும்.

ஆனால் பட்டியல் என்றதும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் பெயர், போட்டோ, சாதி, அப்பா குடிக்கிறாரா என்பது வரை ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு நாற்பது பேர் இருக்கும் குரூப்பில் சுற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள்தான். அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளை வருகிறதா, வாசிக்கத் தெரிகிறதா, அடுத்த வகுப்பில் சேர்ந்ததா, யார் போய்ப் பார்த்தார்கள். பட்டியலில் இதற்கு மேல் ஒரு பத்தியும் தேவையில்லை. அந்த மாதிரி ஷீட் உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே அழித்துவிடுங்கள், குரூப்பில் மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.