வீட்டு மெயில் சர்வரும் அடைபட்ட 25-ஆம் போர்ட்டும்

ஆடிட்டர் நண்பர் ஒருவர் மாடி அறையில் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்த மெயிலைப் படிக்கத் தரும் டவ்காட்டும் நிறுவி, சொந்த டொமைனில் மெயில் சர்வர் வைத்துவிட்டார். "சார், ஒரு மெயில்கூட வெளியே போகமாட்டேங்குது, எல்லாம் க்யூவிலேயே கிடக்கு" என்று கூப்பிட்டார்.

லாகைத் திறந்தால் வரிக்கு வரி 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'. மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசல்தான் 25-ஆம் போர்ட். ஜிமெயில் சர்வரின் அந்தப் போர்ட்டை, இணைப்பைச் சோதிக்க உதவும் டெல்நெட்டில் தட்டிப் பார்த்தேன். பதிலே இல்லை. இணைய நிறுவனம் அந்த வழியை அடைத்திருந்தது. திட்டத் தோன்றும், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இந்தப் போர்ட் வழியாகத்தான் ஸ்பாமைக் கொட்டும். அதனால் பல நாடுகளில் வீட்டு இணைப்புகளுக்கு இதை அடைத்தே வைக்கிறார்கள்.

சரி, திறந்துவிட்டால் போதுமா? போதாது. வீட்டு ஐபிகள் பெரும்பாலும் ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிகளின் பட்டியல்) இருக்கும். ஐபியை வைத்துப் பெயரைத் தேடும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் உங்கள் டொமைனுக்குப் பதில் இணைய நிறுவனத்தின் பெயர் வரும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் சரியான ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும், எஸ்பிஎஃப் (டொமைனுக்காக எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டிகிமையும் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) கேட்கிறது.

நண்பருக்கு இன்னொரு சிக்கல். ரவுட்டரின் வெளி ஐபி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று அர்த்தம். வெளி இணைப்பை வீட்டு சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் எத்தனை முறை போட்டாலும் வெளியிலிருந்து மெயில் உள்ளே வராது.

அனுப்புவதற்கு 587-ஆம் போர்ட்டில் நம் மெயிலை வாங்கி நமக்காக வெளியே அனுப்பும் ஒரு ரிலே சேவையைப் பிடித்தோம். போஸ்ட்ஃபிக்ஸில் 'ரிலேஹோஸ்ட்' ஒரு வரி, யூசர்நேம், பாஸ்வேர்டு, அப்புறம் எஸ்பிஎஃப்பில் அந்தச் சேவையின் பெயர், அவ்வளவுதான். பெறுவதற்குப் பொது ஐபி உள்ள சின்ன வாடகை சர்வர். அங்கிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் போடும் தனி வழியான டனல் வழியாக மெயில் வீட்டுக்கு வரும்.

இந்த டனலில்தான் நான் ஒருமுறை சூடுபட்டேன். என் வீட்டு சர்வரில், டனல் வழியாக வரும் எல்லா இணைப்பும் 10.8.0.1 என்ற ஒரே ஐபியிலிருந்து வருவதாகத் தெரியும்படி நாட் (ஐபியை மாற்றிக் காட்டும் ஏற்பாடு) போட்டிருந்தேன். அதே ஐபியை, போஸ்ட்ஃபிக்ஸ் கேள்வி கேட்காமல் நம்பும் ஐபிகளைச் சொல்லும் 'மைநெட்வொர்க்ஸ்' வரியிலும் சேர்த்திருந்தேன். விளைவு, ஊரில் யார் வந்தாலும் வீட்டு ஆள் என்று போஸ்ட்ஃபிக்ஸ் நம்பியது. யார் வேண்டுமானாலும் யாருக்கும் மெயில் அனுப்பிக்கொள்ளும் ஓபன் ரிலே! காலையில் க்யூவைப் பார்த்தால் யார் யாருடைய மெயிலோ ஆயிரக்கணக்கில் நிற்கிறது. ரிலே சேவையில் என் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து அந்த வரியில் 127.0.0.0/8, அதாவது அந்த சர்வர் மட்டும்தான். வாடகை சர்வரிலும் ஒரு போஸ்ட்ஃபிக்ஸை வைத்து, மெயிலை அங்கே வாங்கி வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். அனுப்பியவரின் உண்மையான ஐபி அங்கே தெரியும். வீட்டில் கரண்ட் போனால் மெயில் அங்கேயே காத்திருக்கும்; போஸ்ட்ஃபிக்ஸின் இயல்புக் கணக்கு 5 நாள்.

நண்பரின் சோதனை மெயில் ஜிமெயில் இன்பாக்ஸிலேயே விழுந்தது. அவருக்கு ஒரே குஷி. வாடிக்கையாளர் மெயில்களையும் அன்றைக்கே மாற்றிவிடலாமா என்றார். வருமான வரிக் கெடு முடியட்டும், அதுவரை பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.